துவாதசிக் கீரையும் அவிழ்த்த வலையும்

மயிலாப்பூர்
மார்கழி, வளர்பிறைத் திரயோதசி

சிரஞ்சீவி ஆராவமுதனுக்கு அம்மா மனம் நிறைந்து எழுதும் ஆசிகள். எம்பெருமான் கடாட்சத்தில் இங்கே நாங்கள் இருவரும் நலமே. அந்த நலத்தில் பாதி, நீயும் சௌபாக்யவதி வைதேகியும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையால் வருவது, ஆகையால் அதைக் குறையாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. மிளகுக் கஷாயத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டே மூன்று வேளையும் குடித்தார். நீ விசாரித்தால் குடிக்கவே இல்லை என்பார், நம்பாதே. மார்கழிப் பனி இந்த வருஷம் சற்று அதிகம்தான், விடியற்காலை மாட வீதியில் பாசுரம் சேவித்துக்கொண்டு போகும் கோஷ்டியில் பாதிப்பேர் தலையில் மப்ளர் சுற்றியிருக்கிறார்கள், குரல் மட்டும் பழையபடி கணீரென்று இருக்கிறது. நான் ஒருநாளும் தவறாமல் போய்வருகிறேன். முழங்கால் ஒத்துழைக்கிறது. ஒத்துழைக்காத நாளிலும் நான் அதைக் கேட்டுக்கொண்டு கிளம்புவதில்லை.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் இரண்டு. முதலாவது, சென்ற வாரம் நீ பேசியபோது, அந்த நாட்டுக் கோடையில் நீ போட்டிருக்கும் தோட்டத்தில் பட்டாணி முளைகளை மஞ்சள் அலகுள்ள ஏதோ கரும்பறவை கிளறிப் போடுகிறது, கோஸ் இலையைப் புழு தின்கிறது, பெரிய வலையாக வாங்கி எல்லாவற்றையும் மூடிவிடலாமா என்று கேட்டாய். இரண்டாவது, நம் குடியிருப்பின் பின்பக்கத்து மண் இடத்தில் சிமென்ட் போட்டுக் கார் நிறுத்தும் இடமாக்க, வீட்டின் உரிமையாளன் என்ற முறையில் நீ சங்கச் செயலர் சுந்தரராமனுக்குக் கைப்பேசியில் சம்மதம் அனுப்பியிருக்கிறாய். நான் காய்கறி பயிரிடுவது அந்த இடத்தில்தான் என்பது உனக்குத் தெரியும். இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில் இருக்கிறது, ஆனால் அதைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நீ பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று சொல்லி முடித்துவிடுவாய். எழுத்தை அப்படி இடைமறிக்க முடியாது. அப்பா இதைப் படமெடுத்து அனுப்புவார், மங்கலாக இருந்தால் பெரிதாக்கிப் படி, ஆனால் முழுவதும் படி.

கார்த்திகையில் நடந்த சங்கக் கூட்டத்தை முதலில் சொல்லவேண்டும். மூன்று வீட்டார் புதிதாகக் கார் வாங்கியிருக்கிறார்கள், நிறுத்த இடமில்லை, ஆகவே பின்பக்கத்தைக் கெட்டித்தரை ஆக்கிவிடலாம் என்று சுந்தரராமன் எடுத்துவைத்தார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பார்த்து, "மாமி, மனசுல வெச்சுக்காதேள். அந்த எடத்துல நீங்க போடறதுல பாதி காக்காய்க்கு, மீதி அணிலுக்கு. மனுஷாளுக்குன்னு ஒரு கத்திரிக்காய் வந்திருக்கா சொல்லுங்கோ? ஒங்க பிள்ளையே சரின்னுட்டான்" என்றார். நீ சம்மதித்த செய்தி எனக்கு அப்படித்தான், பத்துப் பேர் நடுவில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதிலிருந்தே அவருக்கு முன்னமே தெரியும் என்று புரிந்துகொண்டேன். நான் குரலை உயர்த்தவில்லை. "வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் இந்தக் கட்டடத்துல விரதம் இருக்கற ஏழு ஆத்துக்கும் பாரணைக்கு வேண்டிய அகத்திக்கீரை அந்த மண்ணுலேர்ந்து வரும். வரலேன்னா அன்னிக்கே சிமென்ட் மூட்டையை எறக்கிக்கோங்கோ" என்றேன். சுந்தரராமன் சிரித்துக்கொண்டே, "வந்துடுத்துன்னா நானே அமுதனைக் கூப்ட்டு வேண்டாம்னு சொல்றேன் மாமி, போறுமா?" என்றார். எல்லோரும் கேட்டார்கள். நான் வாக்குக் கொடுத்ததில் அகங்காரம் ஒரு சிட்டிகை இருந்தது உண்மை; ஆனால் அந்த வாக்கு வெறும் பந்தயமும் அன்று. துவாதசியன்று மாட வீதி முழுக்க அகத்தியைக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். எந்த மருந்து தெளித்தது என்று தெரியாத இலையை, ஒரு நாள் முழுதும் வெறும் வயிற்றோடு இருந்தவர் வாயில் முதற்கவளமாக வைப்பது எனக்கு உவப்பாக இருந்ததே இல்லை.

ஆனால் சுந்தரராமன் சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஐப்பசி மழை ஓய்ந்த நாளிலிருந்து பறவைகளோடும் அணில்களோடும் நான் நடத்திய போரை உனக்கு விவரமாகச் சொன்னதில்லை. தக்காளி சிவக்கத் தொடங்கும் நாளன்றே காக்கை வந்து ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து கொத்தும், ஒன்றை முழுதாகத் தின்றுவிட்டு மற்றதை விடலாமே, அந்த நாகரிகம் கிடையாது. அவரைப் பிஞ்சை அணில் கொண்டுபோகும். அகத்திக் கொழுந்தைக் கொண்டைக்குருவி கிள்ளும். நான் உன் பழைய சி.டி.க்களைக் கயிற்றில் கோத்து ஆடவிட்டேன், இரண்டு நாள் பயந்தன, மூன்றாம் நாள் ஒரு மைனா அதில் முகம் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பாவின் கோடுபோட்ட சட்டைக்கு வைக்கோல் அடைத்து ஆளுருவம் நிறுத்தினேன். மறுநாள் காலை அதன் தோளில் காக்கை உட்கார்ந்து தக்காளி தின்றுகொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நான் உசுரோட நின்னாலே இந்தாத்துல யாரும் மதிக்கறதில்லை, என் சட்டையை மதிக்கப்போறதா?" என்றார். பூண்டும் மிளகாயும் அரைத்த கரைசலைத் தெளித்தேன், அது எனக்கு மட்டுமே கண்ணெரிச்சல் தந்தது. ஆகையால் கூட்டம் முடிந்த மறுநாளே, கீழ்வீட்டு அக்பர் பாஷாவிடம் வலை கேட்டேன். அவருக்குத் தேனாம்பேட்டையில் ஹார்டுவேர் கடை இருப்பது நினைவிருக்கும். கடையில் இருந்ததிலேயே நல்லதைக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் குழாய்களை வளைத்து நட்டு, மொத்த இடத்துக்கும் கூடாரம் போல அவரே கட்டிக்கொடுத்தார். "மாமி, இனிமே ஒரு காக்கா பூராது, கியாரண்டி. பூந்துச்சுன்னா நேரா கடைக்கு வந்து என்னயே கேளுங்க" என்றார். "வரச்சே அந்தக் காக்காயையும் சாட்சிக்குக் கூட்டிண்டு வரணுமா பாய்?" என்று அப்பா கேட்க, "கூட்டிக்கினு வாங்க சாமி, அதுக்கும் ஒரு டீ சொல்றேன்" என்றார் அவர். மதில் பக்கம் நின்ற அகத்தியில் ஒரு கிளையை மட்டும் வலைக்குள் வளைக்க முடியவில்லை. போனால் போகட்டும், அது பறவைகளின் பங்கு என்று வெளியே விட்டுவிட்டேன்.

வலை தன் வேலையைச் செவ்வனே செய்தது. காக்கைகள் மேலே உட்கார்ந்து எட்டிப்பார்த்தன, வைதன, போய்விட்டன. தக்காளி செடியிலேயே முழுச் சிவப்பாகப் பழுத்ததைப் பல மாதங்களுக்குப் பின் பார்த்தேன். அகத்தி கொழுந்து விட்டு அடர்ந்தது. நான் தினமும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அந்தக் கூடாரத்தைச் சுற்றிவந்தேன், வலம் வருகிறாயா என்று அப்பா கேலி செய்தார். கருடன்மேல் எழுந்தருள்பவனைக் காலையில் சேவித்துவிட்டு வந்து பகலெல்லாம் பறவைகளுக்குக் கதவடைத்து வைத்திருக்கிறேனே என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வலையைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் சின்னப் பட்டாம்பூச்சிகள் பறந்தன. அவை சிறகை மடக்கிக்கொண்டு கண்ணிகளின் வழியே உள்ளே நுழைந்து அகத்திமேல் உட்கார்ந்து எழுந்தன. மார்கழி மாதத்தில் பூக்கள்கூட எழுந்து பறக்கின்றன என்று நான் அவற்றை ரசித்தேன், அமுதா. அவை எதற்காக வருகின்றன என்று ஒருகணமும் எண்ணிப்பார்க்கவில்லை.

தசமியன்று காலை அஃப்சருன்னிசாதான் கூப்பிட்டாள். அக்பர் பாஷாவின் மனைவி, அவள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் நம் அகத்திதான் எதிரே. "மாமி, கீழ வாங்க. உங்க கீரை இன்னா இப்டி கீது? ராவோட ராவா சல்லடையாக்கி வெச்சிருக்குது" என்றாள். போய்ப் பார்த்தால், அடர்ந்திருந்த கொத்துகளெல்லாம் நரம்பு மட்டும் நிற்க, இலைகளின் அடியில் இலை நிறத்திலேயே பச்சைப் புழுக்கள். ஒன்றிரண்டல்ல, தொட்ட கொத்திலெல்லாம். ஏகாதசிக்கு முதல் நாள். ஏழு வீட்டுக்கும் சொல்லியாயிற்று, மாடி வீட்டு வயதான தம்பதி இந்த வருஷம் கடையில் வாங்கப்போவதில்லை என்று என்னிடம் சொல்லியும் விட்டார்கள். உனக்கு எழுதும் இந்த நேரத்தில் அமைதியாக எழுதுகிறேன். அன்று ஒரே கொத்தை நாலு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுந்தரராமனும் இறங்கிவந்து பார்த்தார். ஏளனமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "மாமி, ஒரு ஸ்ப்ரே இருக்கு. அடிச்சா சாயங்காலத்துக்குள்ள ஒரு புழு இருக்காது. நான் வேணா போய் வாங்கிண்டு வரட்டுமா?" என்று மெய்யாகவே கேட்டார். நாளை மறுநாள் வாய்க்குள் போகிற இலை, வேண்டாம் என்றேன். வேப்பெண்ணெய் தெளிக்கலாமே என்றார் அப்பா. பாரணை அன்று அகத்தியின் கசப்பே போதும், அதற்குமேல் வேம்பையும் சேர்த்து ஏழு வீட்டாருக்கும் தண்டனை கொடுக்க எனக்கு மனமில்லை. நானும் அஃப்சருன்னிசாவும் முறத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புழு எடுத்து, தெருமுனைக் காட்டுச் செடியில் கொண்டுபோய் விட்டோம். "மாமி, கொல்லவும் மாட்டீங்க, வெச்சுக்கவும் மாட்டீங்க, ஆட்டோ வெச்சு அனுப்பாத கொறதான்" என்று அவள் சிரித்தாள். மதியம் வரை எடுத்தோம். மாலையில் பார்த்தால், எடுத்த இடத்திலெல்லாம் அடுத்த குஞ்சுப் புழுக்கள், நூல் போல, இன்னும் பசியோடு.

அப்போதுதான் மதில் பக்கத்துக் கிளை கண்ணில் பட்டது. வலைக்கு வெளியே, பறவைகளின் பங்கென்று நான் தள்ளிவைத்த அந்த ஒற்றைக் கிளை. நுனிக்கொழுந்து நாலைந்து கிள்ளப்பட்டிருந்தது, எச்சம் இரண்டு இடத்தில் இருந்தது. மற்றபடி முழுசாக, கரும்பச்சையாக, ஒரு ஓட்டையும் இல்லாமல் நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தையல்சிட்டு வந்து, இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கி, ஒரு பச்சைப் புழுவை இழுத்துக்கொண்டு பறந்தது. ஒரே மரம், ஒரே மண், ஒரே நீர். கைமுழம் தள்ளி வலைக்குள் இருந்த கிளை சல்லடை. நான் அங்கேயே துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். பழந்தமிழ்ப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண்களைப் பற்றி எத்தனை முறை படித்திருக்கிறேன், எத்தனை பேருக்குப் பொருள் சொல்லியிருக்கிறேன். பரண்மேல் உட்கார்ந்து கிளியை ஓட்டினார்கள், கவண்கல் எறிந்தார்கள், ஆலோலம் என்று கூவினார்கள். ஒருத்தியாவது புனத்தை மூடிவைத்தாள் என்று எங்கும் இல்லை. கதிரைக் கொத்துகிற நேரத்தில் மட்டும் ஓட்டினார்கள், மற்ற நேரம் அவை வந்துபோக வழிவிட்டார்கள் என்பது இத்தனை வருஷப் படிப்புக்குப் பிறகு துவைக்கும் கல்லில் உட்கார்ந்தபோது எனக்கு விளங்கியது.

ஏகாதசியன்று விடியலில் சொர்க்கவாசல் சேவித்துவிட்டு வந்தவுடன் வலையை அவிழ்த்துவிடத் தீர்மானித்தேன். ஏகாதசியில் ஓர் உயிரையும் வதைப்பதில்லை, ஓர் இலையும் பறிப்பதில்லை என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் நியமம் என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் வாசற்படியில் நின்றுகொண்டு, "ஏன்டி கோமளா, ஏகாதசியும் அதுவுமா கொலைக்கு ஆள் வைக்கறயா?" என்றார். "ஆள் வைக்கலை, போட்ட பூட்டை எடுக்கறேன்" என்றேன். விளையாட்டாக அவர் கேட்டாலும் நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வலையைக் கட்டியது நான், அதனால் புழு பெருகியதும் என் செயலே. நான் குறுக்கே வராமல் இருந்திருந்தால் நாள்தோறும் நடந்திருக்கவேண்டியது, நான் விலகினால் நடக்கும். படைத்தவன் வகுத்த பசியை நான் தூண்டவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். என் மனத்துக்கு இது சம்மதமாயிற்று, இன்றும் சம்மதமாகவே இருக்கிறது. அக்பர் பாஷா ஏணி கொண்டுவந்தார். "கட்ன கையாலயே அவுக்க வெக்கிறீங்களே மாமி, கடைல சொன்னா சிரிப்பாங்க" என்று முனகிக்கொண்டே முடிச்சுகளை அவிழ்த்தார், ஒரு கண்ணிகூட அறுபடாமல் சுருட்டியும் வைத்தார்.

திறந்தாயிற்று, ஒரு பறவையும் வரவில்லை. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாசுரங்களைச் சேவிக்கத் தொடங்கினேன். முதல் பத்து முடிந்தது, இரண்டாம் பத்தும் முடிந்தது. மதில்மேல் ஒரு காக்கை வந்து தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. "இத்தனை நாள் கதவைச் சாத்தி வெச்சியே, அட்ரஸ் மாத்திண்டு போயிருக்கும்" என்றார் அப்பா. நான் சேவிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் என் கண் புத்தகத்தில் இல்லை என்பதை எம்பெருமான் அறிவான். வெயில் மதிலைத் தாண்டி இறங்கியபோது தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று, சந்தைக்கு வந்த பெண்களைப் போலச் சத்தம் போட்டுக்கொண்டு, வேலியோரமாகத் தத்தித் தத்தி வந்தது. ஒன்று அகத்தியில் ஏறியது. அவ்வளவுதான், மற்றதெல்லாம் ஏறிவிட்டன. பின்னாலேயே மைனாக்கள், தையல்சிட்டு இரண்டு, பெயர் தெரியாத சாம்பல் நிறக் குருவி ஒன்று. கிளைகள் அசைந்த அசைவைப் பார்த்தால் யாரோ மரத்தைப் பிடித்து உலுக்குவது போல இருந்தது. காக்கைகளும் வந்தன, அவை புழுவைப் பார்க்கவே இல்லை, நேரே தக்காளிக்குப் போயின. நான் எழுந்து கையை வீசினேன், என் கையசைவுக்கு அகத்தியில் இருந்தவையெல்லாம் சேர்ந்து பறந்தன. உடனே உட்கார்ந்துவிட்டேன். காக்கையை ஓட்டினால் மைனாவும் போய்விடும். தக்காளி போகட்டும் என்று முடிவு செய்தேன். அஃப்சருன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. "நோம்பு வெச்சுக்கினு வெயில்ல குந்திக்கினு பழத்த காக்காவுக்கு குடுக்குறீங்களே மாமி, பறிச்சிட்டா இன்னா?" என்றாள். இன்று பறிக்கக்கூடாது என்று என் நியமத்தைச் சொன்னேன். "நியமம் உங்களுக்குத்தான், எனக்கு இல்லையே" என்று சொல்லி, ஓசைப்படாமல் ஓரமாகப் போய், செங்காயோடு சேர்த்துத் தன் முந்தானையில் பறித்துக்கொண்டாள். பறித்தவளுக்கே அவை உரியவை, உன் பருப்புத் தால்ச்சாவுக்கு ஆகட்டும் என்றேன். பிறகு அவள் என் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு, "நீங்க ஓதுங்க மாமி, நான் ஜன்னல்ல பாத்துக்கினு கீறேன்" என்றாள். மாலைவரை அந்தக் கூட்டம் வருவதும் போவதுமாக இருந்தது. விளக்கு வைக்கும்முன் நான் ஒரு கொத்தைத் திருப்பிப் பார்த்தேன். தேடினால்தான் ஒரு புழு கிடைத்தது.

துவாதசி விடியலில் குளித்து மடி உடுத்திக்கொண்டு கீரை பறித்தேன். அப்பாவும் நானும் கூடத்தில் உட்கார்ந்து ஆய்ந்தோம். பாதிக்குமேல் கழித்தாயிற்று, நரம்பாக நின்றதை யாருக்கும் கொடுக்க முடியாது. மதில் பக்கத்துக் கிளை முழுதாகக் கைகொடுத்தது. நான் எண்ணியிருந்தது வீட்டுக்கு ஒரு முறம், கிடைத்தது வீட்டுக்கு ஒரு பிடி. ஆனால் ஏழு வீட்டுக்கும் ஒரு பிடி கிடைத்தது, அமுதா. வாழையிலையில் சுற்றி அப்பா ஒவ்வொரு வாசலிலும் கொண்டுபோய்க் கொடுத்தார். சுந்தரராமன் வீட்டுக்கு நானே போனேன். அவர் ஓர் இலையை எடுத்து விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "மாமி, இதுல ஜன்னல்லாம் வெச்சிருக்கே" என்றார். "புழு தின்னுட்டு நன்னாத்தான் இருந்தது. நீங்களும் தைரியமாச் சாப்பிடலாம்" என்றேன். அவர் மனைவி உள்ளே இருந்து சிரித்த சிரிப்பு மாடிப்படி வரை கேட்டது. பாரணை முடிந்து, காப்பி நேரத்தில் அவரே நம் வீட்டுக்கு வந்தார். "சொன்ன வார்த்தையை மாத்திப் பேசமாட்டேன், அமுதனைக் கூப்பிடறேன். ஆனா வீடு அவன் பேர்ல. வேண்டாம்னு அவன் கையால எழுதி வந்தாத்தான் நான் மத்தவாளுக்குக் காட்ட முடியும், இல்லேன்னா கார் வாங்கினவா என்னைப் பிச்சுத் தின்னுடுவா. முன்வாசல்ல சாய்ச்சு நிறுத்தினா ரெண்டு வண்டி அடங்கும், மூணாவதுக்கு நான் ஏதாவது பண்றேன்" என்றார். நேர்மையான மனிதர். ஆகவே விஷயம் இப்போது உன் கையில் இருக்கிறது.

நீ சம்மதம் அனுப்பியதில் எனக்குக் கோபம் இல்லை. ஏன் அனுப்பினாய் என்று அப்பா இப்போது சொல்லிவிட்டார். ஆவணியில் ஒருநாள் நீ காணொளியில் கூப்பிட்டபோது, நான் களை பிடுங்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்ததைப் பார்த்தாயாம், இனி அம்மா அந்த மண்ணில் குனியவேண்டாம் என்று முடிவு செய்தாயாம். அன்பினால் செய்தாய், சந்தேகமே இல்லை. நானும் அகத்தியை அன்பினால்தான் மூடினேன். என் இடுப்பைப் பார்த்து முடிவு செய்தாயே, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? எனக்குக் குனிவது சிரமமாக இருக்கும் நாளில் அஃப்சருன்னிசாவைக் கூப்பிடுவேன், அல்லது ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன், அல்லது அன்று சும்மா இருப்பேன். சிமென்ட் போட்டுவிட்டால் குனிய இடமே இல்லாமல் போய்விடும். அந்தச் சிரமத்துக்கு என்னிடம் மருந்து கிடையாது. நீ சுந்தரராமனுக்கு, முன்பு அனுப்பிய சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று இரண்டு வரி எழுதினால் போதும். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்டு நீட்டாதே, எனக்கு அது தேவையில்லை.

இனி உன் தோட்டம். பட்டாணி முளை விட்டு இரண்டு சாண் வளரும்வரை மட்டும் மேலே வலை போடு. அதையும் தொளதொளவென்று தொங்கவிடாதே, பறவைக் கால் சிக்கினால் அது துடித்துச் சாகும், இழுத்துக் கட்டு. செடி நிமிர்ந்தவுடன் எடுத்துவிடு. கோஸ் இலையில் உட்காரும் வெள்ளைப் பட்டாம்பூச்சியைப் பற்றி வைதேகி சொன்னாள், அழகாக இருக்கிறது என்று நம்பி ஏமாறாதே, உன் அம்மா ஏமாந்தது போதும். கோஸை மூடுவதானால் பட்டாம்பூச்சியும் புகாத நெருக்கமான மெல்லிய துணியால் நாலு பக்கமும் மண் வரை மூடு. இல்லையேல் முழுசாகத் திறந்து வைத்துவிட்டு, தினமும் காலையில் இலையைத் திருப்பிப் பார். பாதி மூடுவதுதான் ஆபத்து, தின்பவை உள்ளே வந்துவிடும், அவற்றைத் தின்பவை வெளியே நின்றுவிடும். கரும்பறவை மண்ணைக் கிளறுவது பெரும்பாலும் புழுவுக்காகத்தான் இருக்கும், முளையைச் சுற்றிச் சின்னச் சின்னக் குச்சியாக நெருக்கி நட்டுவிடு, அது வேறு இடத்தில் கிளறிக்கொள்ளட்டும். காப்பி குடிப்பதை வீட்டுக்குள் குடிக்காமல் செடிக்குப் பக்கத்தில் நின்று குடி. தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இருந்தாலே பாதிச் சேதம் குறையும், உனக்கும் வெயில் பட்டதாக இருக்கும். சென்ற முறை படத்தில் நீ வெளுத்துப்போயிருந்தாய்.

வைதேகிக்கு என் ஆசிகளைச் சொல். நெல்லிக்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் போட்டு வைத்திருக்கிறேன், அங்கே சுங்கத்தில் விடுவார்களா என்று விசாரித்து எழுது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விட்டுவிடாதே. பெருமாள் சந்நிதியில் உங்கள் இருவர் பேருக்கும் அர்ச்சனை செய்தேன். திருத்துழாய் ஒரு தளம் இந்தக் காகிதத்தில் வைத்துப் படமெடுக்கச் சொல்லியிருக்கிறேன், கண்ணில் ஒற்றிக்கொள். நீண்ட ஆயுளும் குறையாத ஆரோக்கியமும் நல்ல புத்தியும் உங்களுக்கு உண்டாகட்டும், எடுத்த காரியம் எல்லாம் இனிதே முடியட்டும். சுந்தரராமனுக்கு எழுதுவதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதே. நீ என்ன எழுதுவாய் என்பதில் எனக்கு ஐயமில்லை. தக்காளி இருந்த பாத்தியைக் கொத்திவிட்டு இன்று காலையே கொத்தவரை விதை ஊன்றிவிட்டேன்.

என்றும் உன் க்ஷேமமே கோரும்
அம்மா
கோமளவல்லி